ஓடிபி கடலுக்குப் போய்விட்டால்: பாடத் தளத்தில் நுழைய முடியாத தங்கைக்கு

தங்கச்சிமடத்தைச் சேர்ந்த தம்பி ஒருவர், இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறவர், கேட்டிருக்கிறார். தங்கை ராமநாதபுரத்தில் பி.எஸ்சி. முதலாண்டு படிக்கிறார். கல்லூரியின் இணையப் பாடத் தளத்துக்குள் 4 நாளாக நுழைய முடியவில்லை. முதலில் 'இன்வேலிட் லாகின்' என்று வந்தது. பாஸ்வேர்டை மாற்றப் பார்த்தால் ஓடிபி அப்பாவின் நம்பருக்குப் போகிறது. அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போயிருக்கிறார். அவர் கரையில் இருந்த ஒரு நாளும் ஓடிபி வரவில்லை. வீட்டில் கிடந்த அக்காவின் பழைய லேப்டாப்பில் முயன்றால் 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று பக்கமே திறக்க மறுக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் அசைன்மென்ட் ஏற்ற வேண்டும். தங்கை அழுகிறார், அண்ணன் போனில்தான் வழி சொல்ல முடியும்.

தம்பி, இந்தக் கரையோரத்தில் ஒரு கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் பல ஆண்டு வேலை பார்த்தவன் நான். லாகின் ஆகவில்லை என்று வந்து நின்ற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோரின் போனிலோ கணினியிலோ ஒரு கோளாறும் இருக்காது. கணக்கின் சாவி அவர்கள் கையில் இருக்காது, அதுதான் சிக்கல். நம்பர் அப்பாவுடையது, மெயில் பிரவுசிங் சென்டர்க்காரர் திறந்தது, பாஸ்வேர்டு அட்மிஷன் அன்று யாரோ போட்டது. உங்கள் தங்கையின் நிலைமையும் அப்படித்தான் தெரிகிறது. லேப்டாப் விஷயம் மட்டும் வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

எதையும் சரிசெய்யும் முன் ஆசிரியருக்கு ஒரு மெயில் போகட்டும். வெள்ளிக்கிழமை இரவு 11 மணிக்கு 'லாகின் ஆகவில்லை' என்று சொல்வதற்கும், இன்றைக்கே படத்தோடு சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பிழைச் செய்தி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லுங்கள், போனின் மேல் ஓரத்தில் நேரமும் தெரிய வேண்டும். இப்படி எழுதினால் போதும்:

"வணக்கம் ஐயா. முதலாண்டு மாணவி, பெயரும் பதிவு எண்ணும் கீழே கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை மாலையிலிருந்து பாடத் தளத்துக்குள் நுழைய முடியவில்லை. வருகிற செய்தியின் படத்தை இணைத்திருக்கிறேன். பாஸ்வேர்டு மாற்றுவதற்கான ஓடிபி என் அப்பாவின் எண்ணுக்குப் போகிறது, அவர் கடலில் இருக்கிறார். அசைன்மென்ட்டை முடித்துவிட்டேன். அதன் பிடிஎஃப் கோப்பை இத்துடன் அனுப்புகிறேன். தளம் திறந்ததும் அங்கேயும் ஏற்றிவிடுகிறேன். என் கணக்கில் மொபைல் எண்ணை மாற்றித் தர யாரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்."

கோப்பை இணைத்து அனுப்புவதுதான் இதில் முக்கியம். வேலையை முடித்துவிட்டார், கதவுதான் திறக்கவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும். கடைசி வரியையும் விட்டுவிடாதீர்கள், பாதிப் பிரச்சினை அதில்தான் தீரப்போகிறது.

சரி, இப்போது 'இன்வேலிட் லாகின்'. யூசர் நேம், பாஸ்வேர்டு இரண்டில் ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்றுதான் இதற்குப் பொருள். எது தவறு என்று தளம் வேண்டுமென்றே சொல்லாது. சொன்னால், வெளியாள் ஒருவர் எந்தெந்தப் பெயரில் கணக்கு இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். அதனால் பாஸ்வேர்டையே திரும்பத் திரும்ப மாற்றி அடிக்காமல் யூசர் நேமையும் சந்தேகப்பட வேண்டும்.

முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ராமநாதபுரம் மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பல்கலைக்கழகப் பதிவு எண் சேர்ந்த அன்றே கைக்கு வந்துவிடாது. அதுவரை கல்லூரி கொடுத்த அட்மிஷன் எண்ணிலோ ரோல் நம்பரிலோ கணக்கைத் திறந்து வைத்திருப்பார்கள். பதிவு எண் வந்ததும் பல இடங்களில் யூசர் நேமை அதற்கு மாற்றிவிடுவார்கள். நேற்று வரை நுழைந்த பிள்ளை இன்று நுழைய முடியாமல் நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். வகுப்புத் தோழி ஒருவர் எந்த எண்ணைப் போட்டு நுழைகிறார் என்று கேட்கச் சொல்லுங்கள். எண்ணின் வகையைக் கேட்டால் போதும், தோழியின் பாஸ்வேர்டைக் கேட்க வேண்டாம்.

பாஸ்வேர்டு பெரும்பாலும் பிறந்த தேதியாக இருக்கும்: தேதி, மாதம், ஆண்டு சேர்த்து 8 இலக்கம். இங்கேயும் நம் ஊர்ப் பிள்ளைகள் மாட்டிக்கொள்வதுண்டு. பள்ளியில் சேர்க்கும்போது கொடுத்த தேதி ஒன்று, ஆதாரில் இருப்பது இன்னொன்று. வீட்டில் கொண்டாடுகிற பிறந்த நாள் சில சமயம் மூன்றாவதாக ஒன்று. கல்லூரி பெரும்பாலும் மாற்றுச் சான்றிதழையும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும் பார்த்துத்தான் பதிகிறது. அந்தத் தேதியை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

அப்புறம் போன் கீபோர்டு செய்கிற வேலைகள். சில போன்களில் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடும். பரிந்துரையில் வருகிற சொல்லைத் தொட்டால் பின்னால் ஓர் இடைவெளி சேரும், கண்ணுக்கே தெரியாது. வாட்ஸ்அப்பில் வந்த பாஸ்வேர்டை நகலெடுத்து ஒட்டும்போதும் இப்படித்தான். கீபோர்டு தமிழில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பூஜ்யத்துக்கும் ஆங்கில 'ஓ'வுக்கும் குழப்பம் வரும். பாஸ்வேர்டு கட்டத்தின் ஓரத்தில் ஒரு கண் படம் இருக்குமே, அதைத் தொட்டால் அடித்தது அப்படியே தெரியும். பக்கத்தில் அந்நியர் யாரும் இல்லாதபோது அதைத் திறந்து வைத்துக்கொண்டு அடிக்கச் சொல்லுங்கள். பிரவுசர் நினைவில் வைத்திருக்கும் பழைய பாஸ்வேர்டு தானாக வந்து உட்கார்ந்திருந்தால் முழுவதையும் அழித்துவிட்டுக் கையால் அடிக்க வேண்டும்.

மூன்று முறைக்கு மேல் முயல வேண்டாம். பல தளங்களில் ஐந்தாறு தவறான முயற்சிக்குப் பிறகு கணக்கு கொஞ்ச நேரம் பூட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் சரியான பாஸ்வேர்டு போட்டாலும் தவறு என்றே சொல்லும், பிள்ளைகள் அதை நம்பிவிடுவார்கள். 4 நாளாக முயன்றிருக்கிறார் என்பதால் இதுவும் நடந்திருக்கலாம். ஒரு மணி நேரம் தொடாமல் விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கட்டும்.

இனி ஓடிபி. நம் கரையில் இதைப் பற்றி விரிவாகவே பேச வேண்டும்.

கணக்கில் அப்பாவின் நம்பர் ஏன் ஏறியது என்று யோசித்துப் பாருங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். பிளஸ் டூ ரிசல்ட் வருவதும் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவதும் அந்த நாட்களில்தான். அப்பா வீட்டில் இருக்கிறார், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவரே போகிறார், படிவத்தில் அவர் நம்பரைக் கொடுக்கிறார். யார்மேலும் தவறில்லை. தடைக்காலம் முடிந்து அவர் தொழிலுக்குப் போன பிறகுதான் சிக்கல் தலை தூக்குகிறது. காலையில் மீன்வளத்துறையின் அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு போகும் படகு மறுநாள் காலைதான் கரை திரும்பும். கரையை விட்டுத் தூரம் போனால் டவர் கிடையாது. ஓடிபி உயிரோடு இருப்பதோ 5 நிமிடம், மிஞ்சினால் 10 நிமிடம். அப்பா டவர் எல்லைக்குள் வரும்போது அந்த எண்கள் வந்து விழும், ஆனால் செத்துப்போனவை. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதே கதை துபாய் வழியாக நடக்கும். அப்பாவின் இந்திய சிம் அங்கே ரோமிங் இல்லாமல் பெட்டிக்குள் கிடக்கும்.

இதற்கு உடனடி வழி, நேரம் பார்த்துச் செய்வதுதான். அப்பா கரைக்கு வந்து போன் கையில் இருக்கும்போது தங்கையும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்பதை அழுத்த வேண்டும். ஒருமுறை அழுத்திவிட்டுப் பொறுமையாக இருக்க வேண்டும். வரவில்லையே என்று மறுபடி மறுபடி அழுத்தினால் ஒவ்வொரு முறையும் புது எண் பிறக்கும், பழையது செல்லாது. கடைசியில் மூன்று எண்கள் ஒன்றாக வந்து விழும்போது முதலில் கண்ணில் பட்டதைப் போட்டுவிட்டு 'தவறு' என்ற பதிலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசியாக வந்தது மட்டும்தான் செல்லும்.

அப்பா கரையில் இருந்தபோதும் வரவில்லை என்றீர்களே, அதற்கு நான் பார்த்த காரணங்களைச் சொல்கிறேன். கடலுக்குப் போகிறவர்கள் பலர் பட்டன் போன்தான் கொண்டுபோவார்கள். அதில் மெசேஜ் வைக்க இடம் கொஞ்சம்தான். விளம்பர மெசேஜ்கள் நிரம்பிவிட்டால் புதியது உள்ளே வராது. இன்பாக்ஸில் பாதியை அழித்த உடனே, காத்திருந்த மெசேஜ்கள் வரிசையாக வந்து விழுவதைப் பார்த்திருக்கிறேன். முதலில் இதைச் செய்யுங்கள்.

ரீசார்ஜ் காலம் முடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். முடிந்த பிறகு முதலில் வெளியே பேசுவது நிற்கும், சில நாளில் உள்ளே வரும் மெசேஜும் நின்றுபோகலாம். வீட்டில் எடுத்து வைத்திருக்கும் பழைய சிம் என்றால் இன்னொரு ஆபத்து உண்டு. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், இருப்பும் 20 ரூபாய்க்குக் குறைவாகக் கிடந்தால் அந்த இணைப்பை நிறுவனம் நிறுத்திவிடலாம். பிறகு அதே நம்பர் வேறு யாருக்கோ போய்விடும். அப்படிப் போன பிறகு உங்கள் தங்கையின் ஓடிபி முகம் தெரியாத ஒருவரின் போனில் ஒலிக்கும்.

போன் கடலில் விழுந்து, அதே நம்பருக்குப் புது சிம் வாங்கினாரா என்று கேளுங்கள். சிம் மாற்றிய முதல் 24 மணி நேரம் மெசேஜ் வராது. திருட்டுத்தனமாக சிம் மாற்றி வங்கிப் பணத்தை எடுப்பதைத் தடுக்க அப்படி வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் கழித்து முயன்றால் வந்துவிடும்.

ராமேஸ்வரம் தீவுக்கென்றே இன்னொரு காரணம் இருக்கிறது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். அந்தப் பக்கம் போனால் சில போன்கள் இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு 'இலங்கைக்கு வரவேற்கிறோம்' என்று மெசேஜ் காட்டும். ரோமிங் போடாத சிம்மில் அப்போது நெட்டும் இருக்காது, மெசேஜும் ஒழுங்காக வராது. போனின் நெட்வொர்க் அமைப்புக்குள் போய், தானாகத் தேர்ந்தெடுப்பதை நிறுத்திவிட்டு நம் நிறுவனத்தின் பெயரைக் கையால் தேர்ந்தெடுக்க வேண்டும். நேரம் மாறிவிடுமோ என்று சிலர் பயப்படுவார்கள். 2006 ஏப்ரலிலிருந்து இலங்கையின் கடிகாரமும் நம் கடிகாரமும் ஒன்றுதான், அதனால் அந்தக் கவலை வேண்டாம்.

ஸ்மார்ட்போனாக இருந்தால் மெசேஜ் செயலியில் 'ஸ்பேம்' என்று தனி அறை இருக்கும், அதையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்து பார்த்தும் வரவில்லையென்றால் ஓடிபி வழியை விட்டுவிடுங்கள். கல்லூரியில் அந்தத் தளத்தைக் கவனிப்பவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். கணினித் துறையிலோ அலுவலகத்திலோ கேட்டால் தெரியும். மாணவர் அடையாள அட்டையோடு நேரில் போனால் மொபைல் எண்ணை மாற்றி, பாஸ்வேர்டையும் புதிதாகப் போட்டுத் தருவது அவருக்குச் சில நிமிட வேலை. தங்கை தினமும் பாம்பன் பாலம் தாண்டித்தானே கல்லூரிக்குப் போகிறார்? அங்கேயே இருக்கும் ஆளைப் பார்க்காமல் வீட்டில் உட்கார்ந்து 4 நாள் போனோடு போராடியிருக்கிறார். கூச்சம்தான் காரணமாக இருக்கும். முதலாண்டுப் பிள்ளைகள் அலுவலக ஜன்னல் பக்கம் போகவே பயப்படுவார்கள். 'இது உன் தவறு இல்லை, தைரியமாகக் கேள்' என்று நீங்கள் போனில் சொன்னால் அதுவே பெரிய உதவி.

சில தளங்கள் ஓடிபி அனுப்பாமல் மெயிலுக்கு லிங்க் அனுப்பும். பல கல்லூரிகள் பயன்படுத்தும் மூடில் என்ற மென்பொருள் அப்படித்தான் செய்கிறது. 'நீங்கள் கொடுத்த விவரம் சரியாக இருந்தால் மெயில் வந்திருக்கும்' என்று மட்டும் சொல்லும், கணக்கு இருக்கிறதா இல்லையா என்று சொல்லாது. அந்த லிங்க் வழக்கமாக 30 நிமிடம்தான் செல்லும். மெயில் வரவில்லையென்றால் ஸ்பேம், புரமோஷன்ஸ் இரண்டையும் பாருங்கள். ஜிமெயில் நிரம்பியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடத்தில் மெயில், போட்டோ, டிரைவ் எல்லாம் சேர்ந்து உட்காருகின்றன. வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதே கணக்கில்தான். வீட்டுக் கல்யாண வீடியோ ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டால் கல்லூரி அனுப்பும் மெயில் வாசலிலேயே திரும்பிப் போய்விடும்.

ஆனால் மெயிலில் உண்மையான ஆபத்து, அதை யார் திறந்தார்கள் என்பதுதான். விண்ணப்பம் போடப் போன பிரவுசிங் சென்டரில் அவர்களே ஒரு ஜிமெயில் திறந்து, ஒரு பாஸ்வேர்டு போட்டு, மீட்பு எண்ணாகக் கடையின் நம்பரையே கொடுத்துவிடுவது நம் ஊர்களில் சாதாரணம். கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை, வரிசையில் நிற்கும் கூட்டத்தை முடிக்கச் செய்வது. அப்படி ஒரு கடையில் விண்ணப்பித்த பிள்ளைகள் கூட்டமாக எங்கள் ஆய்வகத்துக்கு வந்து நின்றது இன்னும் நினைவிருக்கிறது. கடையை மூடிவிட்டு உரிமையாளர் வெளியூர் போய்விட்டார், எல்லோருடைய மீட்பு எண்ணும் அவருடையது. அவரைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு பிள்ளையாகப் போனில் ஓடிபி வாங்கி மாற்றி முடிக்க ஒரு வாரம் ஆனது. அதில் ஒரு பெண் பிள்ளைக்கு உள்மதிப்பீட்டுத் தேர்வு ஒன்று கைநழுவிப் போனது. எனக்கு அது இன்றைக்கும் வலிக்கிறது. உங்கள் தங்கையின் மெயில் அப்படித் திறந்ததாக இருந்தால், அந்தக் கடைக்காரர் இருக்கும்போதே போய் மீட்பு எண்ணையும் பாஸ்வேர்டையும் மாற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டு யாரும் தொடாமல் கிடக்கும் கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மெயில் முகவரியில் புள்ளி வைத்தாரா வைக்கவில்லையா என்பதும் கணக்கில் வரும். ஜிமெயிலுக்குப் புள்ளி ஒரு பொருட்டில்லை, இரண்டும் ஒரே பெட்டிக்குத்தான் வரும். பாடத் தளத்துக்கோ அவை இரண்டு வேறு ஆட்கள். பதிந்தபோது எப்படி எழுதினாரோ அப்படியே அடிக்க வேண்டும்.

பழைய லேப்டாப்புக்கு வருகிறேன். 2011இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் வாங்கியதாக இருக்கும் என்று நினைக்கிறேன். திரையின் கீழ் மூலையில் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். பல ஆண்டு முந்தைய தேதியைக் காட்டினால் காரணம் பிடிபட்டது. லேப்டாப்புக்குள் நாணயம் போல ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அது செத்துவிட்டால், மெயின் பேட்டரியும் இறங்கிய பிறகு லேப்டாப் தேதியை மறந்துவிடும். ஒவ்வொரு தளமும் ஒரு சான்றிதழைக் காட்டுகிறது, அதில் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை என்று எழுதியிருக்கும். லேப்டாப் தன்னை 2012இல் இருப்பதாக நினைத்துக்கொண்டால், அந்தச் சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்காத ஒன்று. 'பாதுகாப்பானது அல்ல' என்று மறுப்பது அதனால்தான். தேதி, நேரம், இந்திய நேர மண்டலம் மூன்றையும் சரிசெய்தால் பக்கம் திறந்துவிடும்.

தேதி சரியாக இருந்தும் திறக்கவில்லையென்றால் வயதுதான் காரணம். விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே ஆதரவை நிறுத்திவிட்டது. அதில் ஓடும் கடைசி குரோம் பதிப்பு 109, அதற்குப் பிந்தையது எதுவும் ஏறாது. பழைய போனிலும் இதே கதை. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் இலவசச் சான்றிதழை நிறையத் தளங்கள் வைத்திருக்கின்றன. ஆண்ட்ராய்டு 7.1க்கு முந்தைய போன்களுக்கு அந்தச் சான்றிதழை அடையாளம் தெரியாது. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் தன் சொந்தச் சான்றிதழ் பட்டியலை வைத்திருப்பதால் அதில் திறக்க வாய்ப்பு உண்டு. ஒருவேளை எல்லோருடைய போனிலும் அதே எச்சரிக்கை வந்தால், கல்லூரித் தளத்தின் சான்றிதழே காலாவதியாகியிருக்கும், அவர்களிடம் சொல்ல வேண்டும். எதுவானாலும் அந்த எச்சரிக்கையை மீறி உள்ளே போய் பாஸ்வேர்டு அடிக்கக் கூடாது.

இன்னொரு வகைத் தொல்லையையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு வரலாம். பாஸ்வேர்டு சரி, பிழைச் செய்தியும் இல்லை, ஆனால் மறுபடி லாகின் பக்கமே வந்து நிற்கும். இது குக்கி செய்கிற வேலை. மீன்வளத்துறை கொடுக்கும் டோக்கனை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நுழைந்ததும் தளம் பிரவுசரிடம் ஒரு டோக்கன் கொடுக்கிறது. அடுத்த பக்கத்துக்குப் போகும்போது பிரவுசர் அதைக் காட்ட வேண்டும். பிரவுசர் அதை வாங்கி வைக்கவில்லையென்றாலோ, போன வாரத்து டோக்கனைக் காட்டினாலோ, தளம் வாசலுக்கே திருப்பி அனுப்பும். 'செஷன் எக்ஸ்பயர்டு' என்று வருவதும் இதன் உறவுதான். லாகின் பக்கத்தையே புக்மார்க் செய்து வைத்தாலும், முந்தின நாள் திறந்த பக்கத்தை மூடாமல் விட்டு அதிலேயே அடித்தாலும் வரும். தளத்தின் முகப்புப் பக்கத்திலிருந்து புதிதாகப் போக வேண்டும். பழைய குக்கி இல்லாமல் தொடங்கும் இன்காக்னிட்டோ பக்கத்தில் திறந்து பாருங்கள். அதில் நுழைய முடிந்தால், குரோம் அமைப்பில் அந்த ஒரு தளத்தின் குக்கிகளை மட்டும் அழித்தால் போதும், எல்லாவற்றையும் அழிக்க வேண்டாம்.

இன்ஸ்டாகிராமிலோ டெலிகிராமிலோ வந்த லிங்க்கைத் தொட்டால் அந்தச் செயலிக்குள்ளேயே ஒரு குட்டிப் பிரவுசர் திறக்கலாம். அதில் கூகுள் கணக்கால் நுழையப் பார்த்தால் 403 என்ற எண்ணோடு கூகுள் மறுத்துவிடும். முகவரியை நகலெடுத்துக் குரோமில் திறந்தால் சரியாகிவிடும். மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயம் போன்ற தளங்களில் கூகுள் வழியாக நுழைகிறவர்களுக்கு இன்னொன்று: உள்ளே போனால் சேர்ந்த பாடம் எதையும் காணோம் என்று பதறுவார்கள். போனில் அண்ணன், அக்கா கணக்குகளும் இருக்கும், தவறான கணக்கில் நுழைந்திருப்பார்கள். வலது மேல் மூலையில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

502, 503, 504 என்று எண் வந்தால் தங்கை செய்ய ஒன்றுமில்லை, சர்வர் திணறுகிறது. கடைசி நாள் இரவு எல்லோரும் ஒன்றாக ஏற்றுவதால் வரும். அதிகாலை 5 மணிக்கு எழுந்து ஏற்றினால் தளமும் காலியாக இருக்கும், நம் ஊர் டவரும் காலியாக இருக்கும்.

அவசரத்தில் கூகுளில் தேடி, உதவி எண் என்று கண்ணில் படுவதற்குப் போன் செய்துவிடாதீர்கள். போலிகள் அதற்கென்றே காத்திருக்கிறார்கள். கல்லூரி முகவரி பெரும்பாலும் 'ஏசி டாட் இன்' அல்லது 'எஜு டாட் இன்' என்று முடியும். அந்த இரண்டும் கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே கிடைப்பவை. ஓடிபியைக் கேட்கும் யாரும் கல்லூரி ஆள் இல்லை. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தால், அவர்கள் சந்தேகங்களுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண் இருக்கிறது.

இப்போது வரிசை இதுதான் தம்பி. இன்று மெயில் போகட்டும். நாளை கல்லூரியில் அடையாள அட்டையோடு போய் நம்பரை மாற்றக் கேட்கட்டும். அங்கே தாமதமானால், அப்பா கரை திரும்பியதும் இன்பாக்ஸை அழித்துவிட்டு ஒரே ஒருமுறை ஓடிபி கேட்கட்டும். உள்ளே நுழைந்ததும் அசைன்மென்ட்டை ஏற்றிவிட்டு, 'சமர்ப்பிக்கப்பட்டது' என்ற பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். பிறகு அதே உட்காரலில் ப்ரொஃபைல் பக்கத்துக்குப் போய்த் தன் சொந்த நம்பரையும் தானே திறந்த மெயிலையும் போட வேண்டும். தனக்கென்று சிம் இல்லையென்றால் அம்மாவின் நம்பர் போதும், எப்போதும் வீட்டில் இருக்கும் போன்தானே அது. யூசர் நேம், பாஸ்வேர்டு, எந்த மெயில், எந்த நம்பர் என்று ஒரு நோட்டில் எழுதிச் சான்றிதழ்கள் இருக்கும் பெட்டியில் வைக்கலாம். மாற்றி முடித்ததும் அவசரப்பட்டுப் போனை வைத்துவிடாமல், ஒருமுறை லாக் அவுட் செய்து, 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்பதை அழுத்தி, ஓடிபி புது நம்பருக்கு வருகிறதா என்று அங்கேயே பார்த்துவிடச் சொல்லுங்கள்.